வைரல் ஆன பிறகு சித்தி ஏன் கடலுக்குப் போக மறுக்கிறார்?

கேள்வி கேட்டவர் சென்னையில் வேலை பார்க்கிறார். அவருடைய சித்தி பாம்பன் பக்கம் ஒரு கிராமத்தில் பாசி எடுக்கிறவர், வயது நாற்பத்தைந்து. சித்தி பாடிக்கொண்டே கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடலில் குதிப்பதை யாரோ ஒருவர் படகிலிருந்து வீடியோ எடுத்துப் போட, பல லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள், ஒரு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். இப்போது மூன்று மாதம் ஆகிறது. இரவில் தூக்கம் இல்லை, போனிலிருந்து கண்ணை எடுப்பதில்லை, கடலுக்குப் போவதில்லை, மகளிர் குழுக் கூட்டத்துக்கும் போவதில்லை. புகழ் வந்தால் மனநோய் வருமா, டாக்டரிடம் காட்ட வேண்டுமா, தானாகச் சரியாகுமா என்று கேட்டிருக்கிறார். சித்தி மகன் அம்மாவை வைத்து ஒரு சேனல் தொடங்க நினைக்கிறான், தொடங்கலாமா என்பது கடைசி வரியில் இருந்த துணைக் கேள்வி.

இவ்வளவும் கேட்டிருந்தாலும், படித்து முடித்தபோது எனக்குக் கேட்டது ஒன்றுதான்: நல்லதுதானே நடந்தது, அப்புறம் ஏன் இவர் இப்படி ஆனார்? இதைத்தான் வீட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், ஒருவேளை சித்தியிடமே கூட. என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் பல வருடமாக மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். மருத்துவர் இல்லை, மருந்து எழுதுவது என் வேலை இல்லை. சித்தியை நேரில் பார்க்காமல் அவருக்கு என்ன நோய் என்று பெயர் வைக்கவும் மாட்டேன். இந்தக் கரையில் திடீரென்று பெயர் வெளியே போன சில குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அந்த அளவுக்குத்தான் நான் சொல்வதற்கு எடை.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. போனை விட முடியாமல் இருப்பது சித்தியின் பலவீனம் இல்லை. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பலன்தான் ஒரு பழக்கத்தை மிக உறுதியாகப் பிடித்து வைக்கும் என்பது உளவியலாளர் ஸ்கின்னர் காலத்திலிருந்து ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். தூண்டில் போடுகிறவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீசும்போதெல்லாம் மீன் வந்தால் அலுத்துவிடும், வரவே வராவிட்டால் எழுந்து போய்விடுவார், எப்போதாவது ஒன்று கடித்தால்தான் விடியும்வரை உட்கார்ந்திருப்பார். நூறு கமெண்டில் ஒன்று 'அம்மா, உங்க பாட்டைக் கேட்டு அழுதுட்டேன்' என்று வருகிறது. அடுத்ததில் நிறத்தைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ ஒரு அசிங்கம். கெட்டது நல்லதைவிட ஆழமாகப் பதியும் என்பதை பாமைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 2001-இல் பல துறை ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ஆகவே தொண்ணூறு பேர் பாராட்டியிருந்தாலும் இரவு பன்னிரண்டு மணிக்கு நினைவில் நிற்பது அந்த ஒருவன்தான். 'நல்ல கமெண்டை மட்டும் பாரு சித்தி' என்கிற ஆலோசனை அதனால்தான் வேலை செய்வதில்லை.

பாசித் தொழிலின் கணக்கும் இதில் சேர்ந்துகொள்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் தோதாக இருக்கும்போதுதான் பெண்கள் பாசிக்குப் போகிறார்கள். மாதத்தில் மீதி நாட்கள் கரையில்தான். முன்பு அந்த நாட்களில் காய வைப்பதும் தரம் பிரிப்பதும் திண்ணைப் பேச்சுமாக நேரம் போயிருக்கும். இப்போது அந்த நேரம் முழுவதையும் போன் எடுத்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது, பார்க்கிறவர்களுக்கும் பார்க்கப்படுகிறவருக்கும் நடுவில் உள்ள ஏற்றத்தாழ்வு. திரையில் ஒருவரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவருக்கு அவரை ரொம்ப நாளாகத் தெரியும் என்ற நெருக்கம் வந்துவிடுகிறது. ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை 1956-லேயே, டிவி புதிதாக வந்த காலத்தில், எழுதிவிட்டார்கள். தனுஷ்கோடி பார்க்க வருகிறவர்கள் வழியில் வண்டியை நிறுத்தி 'அக்கா, ஒரு பாட்டு பாடுங்க' என்று கேட்டால் அவர்கள் தவறாக ஒன்றும் நினைக்கவில்லை, தெரிந்த அக்காவிடம் கேட்பது போலத்தான் கேட்கிறார்கள். சித்திக்கோ அவர்கள் முன்பின் தெரியாத ஆட்கள். மறுத்தால் 'தலைக்கனம் வந்துடுச்சு' என்பார்கள், பாடினால் அடுத்த வண்டி நிற்கும். நடிகர்களுக்கு இந்த இடத்தில் கதவைச் சாத்த ஓர் ஆள் இருப்பார். சித்தி வீட்டுக் கதவு கீற்றுப்படல் என்று வைத்துக்கொள்ளுங்கள், யார் சாத்துவது?

புகழ் மனிதர்களை என்ன செய்கிறது என்று நேரடியாகக் கேட்ட ஆய்வுகள் குறைவு. ராக்வெல், கைல்ஸ் இருவரும் 2009-இல் அமெரிக்காவில் பெயர்பெற்ற 15 பேரிடம் விரிவாகப் பேசி எழுதிய ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. விருப்பும் வெறுப்பும் கலந்த தொடக்கம், பிறகு அதற்கு அடிமையாவது, பிறகு ஏற்றுக்கொள்வது, கடைசியில் அதற்கேற்ப வாழப் பழகுவது என்று படிகளாக அவர்கள் சொன்னார்கள். படித்தால் சித்தியின் கதை மாதிரியே தோன்றும். ஆனால் அந்தப் பதினைந்து பேரும் தங்கள் துறையில் பெயர் எடுத்தவர்கள், புகழோடு வருமானமும் வந்தவர்கள். அதை அப்படியே கொண்டுவந்து பாசி எடுக்கும் ஒரு பெண்ணின்மேல் போர்த்த எனக்குத் துணிச்சல் இல்லை. லாட்டரி விழுந்தவர்கள் கடைசியில் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை என்று ஒரு பேச்சு எல்லா மேடையிலும் வருமே, அது 1978-இல் 22 பேரை வைத்துச் செய்த ஆய்வு. பின்னாளில் ஸ்வீடனில் மிகப் பெரிய அளவில் பார்த்தபோது பெரிய பரிசு விழுந்தவர்களின் வாழ்க்கைத் திருப்தி பல வருடம் கழித்தும் கூடுதலாகவே இருந்தது. ஆகவே 'திடீர் அதிர்ஷ்டம் என்றாலே கடைசியில் துன்பம்தான்' என்று யாராவது ஆறுதலாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள். புகழ் வந்தால் மனநோய் வரும் என்பதும் அதே மாதிரிதான், நிரூபணம் ஆனது இல்லை. உடைந்துபோனவர்களின் கதைதான் நம் காதுக்கு வருகிறது. வந்த புகழைச் சிரித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனவர்களைப் பற்றி யார் செய்தி போடுகிறார்கள்?

இனி நான் சொல்வது என் அனுபவத்தில் வந்த கணிப்பு. முகம் தெரியாதவர்களின் வசவைவிட, புகழ் மங்கியதைவிட, இந்தக் கரையில் ஆட்களை அதிகம் உடைப்பது சொந்த ஊரில் அவர்கள் நின்ற இடம் கலைந்துபோவதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதியதில் என் கண் நின்றதும் தூக்கத்தில் இல்லை, குழுக் கூட்டத்துக்குப் போவதில்லை என்ற இடத்தில்தான். கமெண்ட் பயம் மட்டும் என்றால் கூட்டத்துக்குப் போவாரே.

யோசித்துப் பாருங்கள். பாசிக்குத் தனியாகப் போக முடியாது. நான்கைந்து பெண்கள் சேர்ந்து படகில் போவார்கள், டீசல் செலவைப் பங்கு போடுவார்கள், ஒருத்திக்கு மூச்சு முட்டினால் இன்னொருத்தி கையைப் பிடிப்பாள். அதில் ஒருத்தி மட்டும் டிவியில் வந்தால் மற்றவர்களுக்கு முதலில் தோன்றும் கேள்வி, 'நாங்களும்தானே குதிக்கிறோம்?' இரண்டாவது கேள்வி காசு. பல லட்சம் பேர் பார்த்தால் பல லட்சம் ரூபாய் என்று ஊர் கணக்குப் போடும். பணம் வந்திருந்தாலும் அது வீடியோ போட்டவரின் கணக்குக்குத்தான் போயிருக்கும், அவர் சித்திக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்திருந்தால் பெரிது. சித்தி 'எனக்கு ஒன்னும் வரலை' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மூன்றாவது கேள்விதான் ஆபத்தானது, வெளியூர் ஆட்களுக்குப் புரியாதது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் இருந்து கடல்சார் தேசியப் பூங்கா. தீவுகளை ஒட்டி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற பாசிகளை எடுப்பதை வனத்துறை தடுப்பதும், தலைமுறையாக எங்கள் தொழில் என்று பெண்கள் வாதாடுவதும் இங்கே பழைய வழக்கு. வீடியோவில் பின்னால் ஒரு தீவு தெரிந்திருந்தால் போதும், 'உன் பாட்டால எங்க பொழப்பு போகப் போகுது' என்று படகில் ஒருத்தி சொல்லியிருக்கலாம். சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. விசாரியுங்கள். அப்படி ஒரு சொல் விழுந்திருந்தால், சித்தி கடலுக்குப் போகாததற்கு நோய் தேவையே இல்லை, அந்தச் சொல் போதும்.

இந்தக் கரைக்குக் கேமரா புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2014 அக்டோபர் 30 அன்று தங்கச்சிமடம் மீனவர்கள் ஐந்து பேருக்குக் கொழும்பு உயர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தபோது ராமேஸ்வரம் தீவே கொந்தளித்தது. நவம்பரில் அவர்கள் மன்னிக்கப்பட்டுத் திரும்பும்வரை அந்த வீடுகளைச் சுற்றி மைக்கும் கேமராவும்தான். அது எவ்வளவு கொடுமையானாலும் ஊர் கூட நின்றது. எந்த வீட்டுக்கும் நாளை அது நடக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்த வீட்டுத் துயரத்தில் ஊருக்குப் பங்கு இருந்தது. சித்திக்கு வந்த பெயரில் யாருக்கும் பங்கு இல்லை. கெட்டது வந்தால் தோள் கொடுக்க நம் ஊர்களுக்குத் தெரிகிற அளவுக்கு, ஒருவருக்கு மட்டும் நல்லது வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. இதைப் பொறாமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனமில்லை. ஒரே படகில் போகிறவர்களுக்குள் சமம் குலைந்தால் கடலில் ஒருவரை ஒருவர் நம்புவது கஷ்டம், அதுவும் அதில் இருக்கிறது.

காசு விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் தில்லி மாளவியா நகர் 'பாபா கா தாபா'. 2020 அக்டோபரில் ஒரு வீடியோ பார்த்து ஊரே திரண்டு அந்த முதியவர் கடையில் சாப்பிட்டது. சில வாரத்தில் வந்த நன்கொடைக்குக் கணக்கு என்ன என்று வீடியோ எடுத்தவர்மேல் போலீஸ் புகார் வரை போயிற்று. திறந்த புது உணவகம் சில மாதத்தில் மூடப்பட்டு, அவர் பழைய கடைக்கே திரும்பினார். மறுபக்கம், கோவை வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டி 2019-இல் நாடெங்கும் தெரிந்த பிறகும் அதே அடுப்பில் அதே விலைக்கு இட்லி சுட்டார். அவர் மனதுக்குள் என்ன ஓடியது என்று நமக்குத் தெரியாது. வெளியே தெரிகிற வித்தியாசம், அவருடைய புகழ் தினசரி வேலையோடு ஒட்டியிருந்தது, வேலை நிற்கவில்லை. உங்கள் சித்திக்கு வேலை நின்றுவிட்டது. ஆகவே முதலில் வேலைக்குத் திரும்ப வழி பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எப்படி என்றால், மொத்தப் படகுக்கும் முன்னால் திடீரென்று கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். படகில் அவருக்கு நெருங்கிய ஒரு பெண் இருப்பார், அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவரிடம் காசுக் கணக்கைத் திறந்து சொல்லிவிடுங்கள்: யார் எவ்வளவு கொடுத்தார்கள், பொன்னாடையோடு உறையில் என்ன இருந்தது, எல்லாம். வீடியோ எடுத்தவரையும் ஒரு நாள் அழைத்து, தனக்கு என்ன வந்தது, சித்திக்கு என்ன கொடுத்தேன் என்று குழுப் பெண்கள் முன்னால் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பத்து நாள் சமாதானப் பேச்சு செய்யாததை இந்த ஒரு மணி நேரம் செய்யும். தீவு தெரிகிற பகுதியை வெட்டச் சொல்வதா, வீடியோவையே எடுக்கச் சொல்வதா என்பதைச் சித்தி தீர்மானிக்கட்டும். மறுபதிவுகள் ஆயிரம் இருக்கும், எல்லாவற்றையும் அழிக்க முடியாது. ஆனாலும் ஒரு இடத்திலாவது தன் பேச்சு எடுபட்டது என்பது அவருக்குத் தேவை. அவர் படத்தைப் போட்டு யாராவது நன்கொடை வசூலித்தால் அது மோசடி. காலம் கடத்தாமல் 1930 எண்ணுக்கோ தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்துக்கோ போங்கள்.

போனைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் ஊர் என்ன சொல்கிறதோ என்ற கற்பனை இன்னும் பெரிதாகும். அறிவிப்புச் சத்தத்தை அணைத்துவிட்டு, வீட்டில் பிள்ளைகளில் ஒருவர் மாலையில் ஒரு தடவை கமெண்டுகளைப் பார்த்து, சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லட்டும். தேடி வருகிறவர்களுக்கு வாசலில் சித்தப்பா பதில் சொல்லட்டும். 'உனக்கென்ன குறைச்சல்' என்ற வாக்கியத்தை மட்டும் வீட்டில் யாரும் உச்சரிக்காதீர்கள்.

டாக்டரிடம் எப்போது? இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மனச்சோர்வும் எதிலும் பிடிப்பில்லாததும் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க நீடித்தால், சாப்பாடும் தூக்கமும் குலைந்திருந்தால், பார்த்தே ஆக வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தக் கோட்டை ஏற்கெனவே தாண்டிவிட்டார் போலிருக்கிறது. வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு ஒரு தடவை வந்தாலும் அன்றே போங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள். இன்னும் இரண்டு விஷயங்களைக் குடும்பங்கள் தவறவிடுகின்றன. ஒன்று, வீடியோ வந்த புதிதில் தூக்கமே இல்லாமல் களைப்பும் இல்லாமல், ஓயாத பேச்சும் தாறுமாறான செலவுமாக இருந்தாரா என்று நினைத்துப் பாருங்கள். புகழின் உற்சாகம் என்று நாம் எடுத்துக்கொள்வது சில சமயம் மனவெழுச்சி நோயின் தொடக்கமாக இருக்கும், அதற்கு வைத்தியமே வேறு. இன்னொன்று, 'எல்லாரும் என்னைப் பத்தித்தான் பேசறாங்க' என்பது. மற்றவர்கள் சொன்னால் சந்தேக நோயா என்று பார்ப்போம், சித்தி விஷயத்தில் அது பாதி உண்மை. பேச்சே இல்லாத இடத்திலும் கேட்கிறதா, பஸ்ஸில் யாரோ சிரித்தால்கூடத் தன்னைத்தான் என்கிறாரா, நீங்கள் விளக்கினால் கொஞ்சமாவது ஏற்கிறாரா என்பதைக் கவனித்து மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். கூடவே இந்த வயதுப் பெண்களுக்கு ரத்தசோகை, தைராய்டு, மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள் எல்லாமே தூக்கத்தையும் மனதையும் பாதிக்கும். ரத்தப் பரிசோதனை செய்யாமல் எல்லாப் பழியையும் வீடியோமேல் போட வேண்டாம்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதுவரை 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. 'மனநல டாக்டர்' என்றதும் வீட்டில் பெரியவர்கள் பதறுவார்கள் என்பது எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால், மனநோயாளிகளைக் கொண்டுபோய் விடுகிற ஏர்வாடி தர்காதான் நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு கொட்டகையில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை எங்கள் வயதுக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. அந்தப் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். அந்தத் தீக்குப் பிறகு அப்படிப்பட்ட விடுதிகள் மூடப்பட்டன, இப்போது தர்கா பக்கத்திலேயே பிரார்த்தனையோடு மருத்துவமும் பார்க்கிற ஏற்பாடு இருக்கிறது. பாட்டி மந்திரிக்க வேண்டும் என்றால் மந்திரிக்கட்டும், மாத்திரையோடு சேர்த்து. பரிசோதனைக்கு என்று சொல்லி ஏமாற்றிக் கூட்டிப்போகாதீர்கள், தூக்கத்துக்காகப் போகிறோம் என்று உள்ளதைச் சொன்னால் பெரும்பாலும் வந்துவிடுவார்கள்.

இது எவ்வளவு நாளில் சரியாகும் என்று என்னால் சொல்ல முடியாது. சிலர் அடுத்த வீடியோ வேறு யாருக்காவது வந்ததும் தெளிந்துவிட்டார்கள். ஒரு பையன், கரையோர ஊர்தான், அவன் கோபத்தில் சொன்ன ஒரு வரி ஊரெல்லாம் மீம் ஆகிவிட்டது. கேலியிலிருந்து தப்பிக்க வளைகுடாவுக்குப் போனான், அங்கே தங்கிய அறையிலும் அந்த வரியைச் சொல்லித்தான் வரவேற்றார்கள். அவனுக்கு வருடங்கள் ஆயின. தெளிந்தவர்களுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், அவன் வீட்டில் அதைப் பற்றி யாருமே பேசவில்லை, பேசினால் வலிக்கும் என்று. அது மட்டும்தான் காரணமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

சேனல் விஷயம். தம்பியின் ஆசை தப்பில்லை. மூக்கையூர்ப் பக்கம் கடல்தொழிலைப் படம்பிடித்துப் போட்டுப் பெயரும் வருமானமும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தாங்களாகக் கேமராவைத் தூக்கியவர்கள், மெல்ல மெல்ல வளர்ந்தவர்கள். சித்தியிடம் யாரும் அப்படிக் கேட்கவே இல்லை. தூக்கம் திரும்பி, கடலுக்குப் போய்வந்து, படகில் பழைய பேச்சு வார்த்தை ஆரம்பித்த பிறகு தம்பி ஒரு தடவை கேட்கட்டும், அதுவும் மற்ற பெண்களும் வரலாமா, பங்கு எப்படி என்பதையும் சேர்த்து. அதுவரை வீட்டுக்குள் கேமரா வேண்டாம், விளையாட்டுக்குக்கூட. அவர் முடியாது என்று சொன்னால் காரணம் கேட்டு நச்சரிக்க வேண்டாம் என்று தம்பியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.